விருதுநகர் மாவட்டத்தில் பள்ளிக் கல்வித் தேர்ச்சி: ஒரு வரலாறு

விருதுநகர் மாவட்டம் தமிழ்நாட்டின் தென்பகுதியில் உள்ள வறண்ட மாவட்டங்களுள் ஒன்று. 1985 மார்ச்சில் பழைய இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது காமராசர் மாவட்டம் என்ற பெயரில் உருவாகி, 1997 முதல் விருதுநகர் மாவட்டம் என்று வழங்குகிறது. விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகியவை இதன் முக்கிய நகரங்கள். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 19.4 இலட்சம்.

தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில் இம்மாவட்டத்தின் பெயர் செய்தியில் அடிபடாத ஆண்டு அரிது. மாவட்டம் உருவான காலத்திலிருந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு, பெரும்பாலான ஆண்டுகளில் பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ இரண்டிலுமோ தேர்ச்சி விகிதத்தில் முதலிடம் இதற்குத்தான். அதே கால் நூற்றாண்டின் முற்பகுதியில், இந்தியாவில் குழந்தைத் தொழிலாளர்கள் மிகுதியாக இருந்த இடம் எது என்று கேட்டால் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியதும் இந்த மாவட்டத்தின் சிவகாசியைத்தான். இரண்டும் எப்படி ஒரே இடத்தில் ஒரே காலத்தில் உண்மையாக இருக்க முடியும்? இம்மாவட்டத்தின் கல்வி வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது.

பிடி அரிசியில் எழுந்த பள்ளி

இன்றைய மாவட்டத்தின் மேற்குப் பகுதி முழுவதும் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அந்த ஆண்டில்தான் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டது. நவீனப் பள்ளிக்கூடம் இப்பகுதிக்கு வந்தது முதலில் கிறித்தவ சபைகளின் வழியாக. 1850களில் வடதிருநெல்வேலிச் சிற்றூர்களில் சுற்றித் திரிந்து பணியாற்றிய தாமஸ் ராக்லண்டு 1858இல் சிவகாசியில்தான் காலமானார். சிவகாசியை ஒட்டிய சாட்சியாபுரம் அந்த மரபில் வளர்ந்த ஊர். இன்றும் அங்கே பள்ளிகள் பல உள்ளன.

இதைவிட முக்கியமானது விருதுபட்டியில் நடந்தது. விருதுநகரின் பழைய பெயர் அது. 1923இல்தான் விருதுநகர் ஆயிற்று. அங்கிருந்த நாடார் வணிகர்கள் பருத்தி, மிளகாய், எண்ணெய் வித்து, மளிகை வியாபாரத்தில் முன்னேறியவர்கள். ஆனால் கோயிலுக்குள் நுழைய அவர்களுக்கு உரிமை மறுக்கப்பட்டிருந்தது. அந்தப் பகையின் உச்சம்தான் 1899இல் சிவகாசியில் நடந்த பெருங்கலவரம். கையில் பணம் இருந்தும் ஊரில் மதிப்பு இல்லை என்ற நிலையில் இருந்த ஒரு சமூகம் பள்ளிக்கூடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வணிகரும் விற்பனையில் ஒரு சிறு பங்கை மகமையாக உறவின்முறைக்குச் செலுத்துவார். அந்த மகமையிலிருந்து 1889இல் சத்திரிய வித்தியாசாலை தொடங்கப்பட்டது. வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, அதைத் திரட்டி விற்றுப் பள்ளிக்குச் செலவிட்ட பழக்கமும் இருந்தது. உறவின்முறையின் பணத்தில் நடந்தாலும் பிற சாதிப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். 1910இல் தோன்றிய நாடார் மகாஜன சங்கம் படிக்க வசதியற்ற பிள்ளைகளுக்குக் கடனுதவி தரும் வழக்கத்தைக் கொண்டுவந்தது.

இந்தப் பள்ளியில் படித்து, பாதியில் நின்றவர்களுள் ஒருவர் காமராசர். 1903 ஜூலை 15இல் பிறந்தவர். ஆறு வயதில் தந்தையை இழந்தார். ஆறாம் வகுப்பளவில் படிப்பை நிறுத்தி மாமாவின் துணிக்கடையில் உட்கார வேண்டியதாயிற்று. இன்றைய அலுவல் மொழியில் சொன்னால் இவர் ஓர் ‘இடைநின்ற மாணவர்’. பள்ளியின் புகழைப் பேசுகிறவர்கள் காமராசர் படித்த பள்ளி என்று சொல்வார்கள். காமராசரால் தொடர்ந்து படிக்க முடியாமற்போன பள்ளி என்பதும் அதே அளவு உண்மை. பிடி அரிசி கட்டடத்தையும் ஆசிரியர் சம்பளத்தையும் தாங்கியது. தந்தையை இழந்த ஒரு வீட்டின் வருமானக் குறையை அதனால் ஈடுகட்ட முடியவில்லை. அந்த வேறுபாட்டை அவர் மறக்கவில்லை என்பதைப் பிற்காலத்தில் அவர் எடுத்த முடிவுகள் காட்டுகின்றன.

1954 ஏப்ரலில் முதலமைச்சரானவுடன், அரைநாள் பள்ளி அரைநாள் குலத்தொழில் என்று கண்டனத்துக்குள்ளான முந்தைய ஆட்சியின் கல்வித் திட்டத்தைக் கைவிட்டார். பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் துணையோடு ஓராசிரியர் பள்ளிகளைச் சிற்றூர்களில் திறந்தார். 1956இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. தொடக்கத்தில் ஊர்மக்களின் நன்கொடையையும் அரசின் மானியத்தையும் சேர்த்துத்தான் உணவு போடப்பட்டது. பிடி அரிசி முறையின் சாயல் அதில் உண்டு. 1950களின் இறுதியில் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் பெஞ்சும் கரும்பலகையும் கடிகாரமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்கு முந்தைய தலைமுறை ஆசிரியர்கள் இந்த மாநாடுகளைக் கோயில் கொடையைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார்கள்.

விருதுநகர், சிவகாசி நகரங்களில் மேல்நிலைப் படிப்பும் கல்லூரியும் விரைந்து வந்தன. விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947இலும், பெண்களுக்கான வன்னியப்பெருமாள் கல்லூரி 1962இலும், சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963இலும் தொடங்கப்பட்டன. பெரும்பாலும் வணிகர்களின் கொடை. மாவட்டத்தின் பிற்காலத் தேர்ச்சி விகிதத்துக்கு அடித்தளம் இந்த உதவிபெறும் பள்ளிகளும் கல்லூரிகளுமே. ஆனால் திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி போன்ற கிழக்குப் பகுதிகளுக்கு இப்படிப்பட்ட வணிகக் கொடை வாய்க்கவில்லை. மழையை நம்பிய கண்மாய்ப் பாசனமும் ஆடு மேய்ப்பதும் கரிமூட்டம் போடுவதும்தான் அங்கே பிழைப்பு. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு கல்வி வரலாறுகள் உண்டு என்பதை மாவட்டச் சராசரி நமக்குச் சொல்வதில்லை.

ஒரு குரோஸ் என்றால் 144

1920களில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். மழையில்லாத, காற்றில் ஈரமில்லாத சிவகாசியின் வெயில் இந்தத் தொழிலுக்கு ஏற்றதாக இருந்தது. முதலில் இயந்திரம் வைத்துப் பார்த்தவர்கள், கூலி மலிவாக இருந்ததால் கைத்தொழிலாக மாற்றிக்கொண்டார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு, லேபிள் அச்சிட வந்த அச்சகங்கள் என்று ஊர் வளர்ந்தது. ‘குட்டி ஜப்பான்’ என்ற பட்டப்பெயர் பரவிற்று.

கையால் செய்யும் தீப்பெட்டிக்கு அரசு உற்பத்தி வரியில் சலுகை தந்தது. பெரிய இயந்திர ஆலைகளிடமிருந்து சிறு தொழிலைக் காக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் கைவேலையின் பெரும்பகுதி கட்டை அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், லேபிள் ஒட்டுதல். குச்சிகளைச் சட்டத்தின் பள்ளங்களில் ஒவ்வொன்றாக அடுக்கும் வேலைக்குச் சிறிய விரல் வசதி. கூலி எண்ணிக்கைக் கணக்கு: இத்தனை கட்டைக்கு இவ்வளவு, இத்தனை குரோஸுக்கு இவ்வளவு. நாள்கூலி இல்லாததால் வேலை செய்பவரின் வயதைப் பற்றி யாரும் கேட்க வேண்டியதில்லை. ஆலைப் பேருந்துகள் விடியுமுன் சிற்றூர்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய், இருட்டிய பிறகு கொண்டுவந்து விட்டன. அப்படிப் போனவர்களில் பெரும்பாலோர் பெண் குழந்தைகள். பையனைப் பள்ளிக்கும் பெண்ணைக் கட்டை அடுக்கவும் அனுப்புவது பல வீடுகளில் இயல்பான ஏற்பாடாக இருந்தது. அண்ணனின் நோட்டுப் புத்தகத்துக்குத் தங்கையின் விரல்கள் பணம் கொடுத்தன என்று சொல்வது மிகையல்ல.

நான் பணியில் சேர்ந்தது 1980களின் நடுவில். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமி, பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை எட்டுக்கு மேல் சொல்லத் தெரியாமல் திணறியவள், பன்னிரண்டு பன்னிரண்டு எவ்வளவு என்றதும் தயங்காமல் 144 என்றாள். ‘ஒரு குரோஸ் சார்’ என்றாள். இரண்டாண்டு கழித்து எட்டாம் வகுப்பில் கணக்கில் முதல் மதிப்பெண் அவளுடையது. ஒன்பதாம் வகுப்புக்கு வரவில்லை. அவளுடைய தம்பி பத்தாம் வகுப்பில் தேறினான். அந்த ஆண்டு எங்கள் பள்ளியின் தேர்ச்சிப் பட்டியலில் அவன் பெயர் இருந்தது.

1976இல் தீப்பெட்டி ஆலைக்குக் குழந்தைகளை ஏற்றிச் சென்ற பேருந்து ஒன்று விபத்துக்குள்ளாகிப் பல குழந்தைகள் இறந்தார்கள். மாநில அரசு ஹர்பன்ஸ் சிங் குழுவை அமைத்தது. 1980களில் இதழ்களும் ஆய்வாளர்களும் சிவகாசிப் பகுதியில் 45,000 குழந்தைகள் வேலை செய்வதாக எழுதினார்கள்; தொழிலதிபர்கள் அந்த எண்ணிக்கையை மறுத்தார்கள். 1990இல் சலம் பென்னூர்கர் இயக்கிய ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படம் வெளிவந்தது. 1991இல் வெளியான மைரன் வீனரின் நூல், இந்தியாவில் கட்டாயக் கல்வி ஏன் நடைமுறைக்கு வரவில்லை என்ற பெரிய கேள்விக்குச் சிவகாசியையும் ஒரு சான்றாக எடுத்துக்கொண்டது. வறுமை மட்டும் காரணம் அல்ல, ஏழைப் பிள்ளை வேலை செய்வது இயல்பு என்று படித்தவர்கள் நினைப்பதும் காரணம் என்பது அவர் வாதம். அந்த நூல் வந்தபோது இங்கே பலருக்குக் கோபம் வந்தது. எனக்கும் வந்தது. இப்போது நினைத்துப் பார்த்தால், ஆசிரியர் அறையில் நாங்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் அதைத்தான்: ‘அது வந்து என்ன செய்யப் போகுது, அவங்க வீட்டு நிலைமை அப்படி.’

தேர்ச்சி விகிதம் எதை எண்ணுகிறது

இப்போது முதலில் எழுப்பிய கேள்விக்கு வரலாம். தேர்ச்சி விகிதம் என்பது தேர்வு எழுதியவர்களில் தேறியவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற கணக்கு. தேர்வு எழுத வராதவர் அதில் இல்லை. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஓர் ஊரில் 100 பிள்ளைகள் முதல் வகுப்பில் சேர்கிறார்கள்; பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதுபவர் 40; தேறியவர் 38. தேர்ச்சி 95 சதவீதம். பக்கத்து ஊரிலும் 100 பேர் சேர்ந்து, 80 பேர் தேர்வு எழுதி, 64 பேர் தேறுகிறார்கள். தேர்ச்சி 80 சதவீதம். பட்டியலில் முதல் ஊர்தான் மேலே இருக்கும். ஆனால் சேர்ந்த நூறு பேரில் பத்தாம் வகுப்பை முடித்தவர் முதல் ஊரில் 38, இரண்டாவது ஊரில் 64.

விருதுநகரின் முதலிடம் முழுவதும் இந்தக் கணக்கு வித்தையால் வந்தது என்று நான் சொல்லவில்லை. அது உண்மையும் அன்று. உழைத்த ஆசிரியர்களுக்குச் செய்யும் அநியாயமும் ஆகும். மாவட்டத்தில் தேர்வுக்கென்று ஓர் ஒழுங்கு உருவாகியிருந்தது. காலாண்டு முடிந்தவுடன் பாடவாரியாக மதிப்பெண் ஆய்வு. ‘மெல்லக் கற்கும் மாணவர்கள்’ என்று தனிப் பட்டியல். காலையும் மாலையும் சிறப்பு வகுப்பு. குறைந்தபட்சம் 35 மதிப்பெண் எடுப்பதற்கான சிறு கையேடு. சனவரியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்புதல் தேர்வுகள். முதன்மைக் கல்வி அலுவலரின் கூட்டத்தில் குறைந்த தேர்ச்சி காட்டிய தலைமையாசிரியர் எழுந்து நின்று விளக்கம் சொல்லும் வழக்கம். இரவு ஒன்பது மணிவரை பள்ளியில் விளக்கெரியும். மாணவிகளை வீடுவரை கொண்டுபோய் விட்டுவர ஊர்ப் பெரியவர்கள் முறைவைத்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். மின்விளக்கு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, படிக்காத பெற்றோரின் பிள்ளைக்கு, இந்த இரண்டு மணி நேரம் மிகப் பெரிய உதவி. முதல் தலைமுறையாகப் பத்தாம் வகுப்பு தேறிய ஆயிரக்கணக்கானவர்கள் இந்த ஒழுங்கினால் தேறியவர்களே. ஆதி திராவிடர் நல விடுதிகளில் தங்கிப் படித்த பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அவர்கள் வீட்டிலிருந்து வந்திருந்தால் மாலை வகுப்புக்கு இருந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் இதே ஒழுங்குக்கு ஒரு நிழலும் உண்டு. நூறு சதவீதம் என்பது இலக்கானவுடன், தேறமாட்டான் என்று தோன்றும் பிள்ளை பள்ளிக்கு ஒரு சுமையாகிவிடுகிறான். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு முடிவில் சில பெற்றோர்களைக் கூப்பிட்டு, ‘பையனைத் தனித்தேர்வராக எழுத வைத்துக்கொள்ளுங்கள், மாற்றுச் சான்றிதழ் தருகிறோம்’ என்று சொன்ன கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. அந்த ஆண்டு ஏழு பேர் போனார்கள். தனித்தேர்வர்களின் முடிவு பள்ளியின் கணக்கில் சேராது. ஏழு பேரும் ஆண் பிள்ளைகள். ஐந்து பேர் காலனித் தெருவைச் சேர்ந்தவர்கள். மறு ஆண்டு எங்கள் பள்ளிக்கு நூறு சதவீதத் தேர்ச்சிக்கான கேடயம் கிடைத்தது. படத்தில் நானும் இருக்கிறேன்.

தேர்ச்சி விகிதம் மறைக்கும் இன்னொன்று மதிப்பெண்ணின் தரம். 35 எடுத்தவரும் 95 எடுத்தவரும் அதில் ஒன்றே. விடைகளை மனப்பாடம் செய்து தேறியவர் கல்லூரிக்கோ தொழிற்பயிற்சி நிலையத்துக்கோ போன முதல் ஆண்டிலேயே தடுமாறுவதைப் பழைய மாணவர்கள் பலர் வந்து சொல்லியிருக்கிறார்கள்.

ஆலைவாசலிலிருந்து பள்ளிவாசலுக்கு

1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். ஆட்சி சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் ஊர்ப்புறச் சிறு குழந்தைகளுக்கென வந்து, சில ஆண்டுகளில் பதினைந்து வயதுவரை விரிந்தது. மதியச் சாப்பாடு ஒரு குழந்தையின் பள்ளி வருகையை எவ்வளவு மாற்றும் என்பதை வருகைப்பதிவேட்டைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். ஆனால் ஆலைக் கூலிக்கு அது முழு ஈடாகவில்லை. கட்டை அடுக்கும் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு வேளைச் சோற்றைவிட அதிகம்.

1986இல் குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தி அபாயத் தொழில்களின் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் குடும்பத்தாரின் உதவியோடு வீட்டில் செய்யும் வேலைக்குச் சட்டம் விலக்கு அளித்தது. விளைவு எதிர்பார்க்கக் கூடியதுதான்: ஆலையில் நடந்த வேலையின் ஒரு பகுதி வீட்டுத் திண்ணைக்கு வந்தது. பெட்டி ஒட்டும் பசையும் தாளும் வீடு தேடி வந்தன. ஆய்வாளர் ஆலைக்குள் போய்ப் பார்த்தால் குழந்தைகள் இல்லை. இது ஒரு வகையில் முன்னேற்றமாகவும் அமைந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். விடியலில் பேருந்து ஏறாத பிள்ளை, பகலில் பள்ளிக்கு வந்துவிட்டு மாலையில் பெட்டி ஒட்டலாம். அவர்கள் வகுப்பில் தூங்கினார்கள். ஆனால் வகுப்பில் இருந்தார்கள்.

1980களின் இறுதியில் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின்கீழ் சிவகாசிப் பகுதியில் சிறப்புப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. வேலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்கு உணவு, சிறு உதவித்தொகை, இணைப்புக் கல்வி. பின்னர் முறையான பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ப்பது. எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10இல் அளித்த தீர்ப்பு இதற்கு வலுச்சேர்த்தது. குழந்தையை அபாயத் தொழிலில் வைத்த ஒவ்வொரு முதலாளியும் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வேண்டும், இயலாதபோது அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். குழந்தை பள்ளியில் படிக்க வேண்டும் என்று தீர்ப்புக் கூறியது. வழக்கு சிவகாசியைப் பற்றியது. தீர்ப்பு நாடு முழுவதற்கும் ஆனது.

பள்ளி வருகை உயர்ந்ததற்குச் சட்டம் மட்டும் காரணமன்று. அலுவலர்களின் சோதனை, வெளிநாட்டு இறக்குமதியாளர்களின் நெருக்கடி, தீப்பெட்டித் தொழிலில் இயந்திரங்கள் பெருகியது, பெரியவர்களின் கூலி உயர்ந்தது, குடும்பங்கள் சிறியவையானது, ஊருக்குள் உயர்நிலைப் பள்ளி வந்தது ஆகிய எல்லாம் சேர்ந்தன. இலவச மிதிவண்டியை ஆசிரியர்கள் குறைத்துப் பேசுவதுண்டு. நான் அப்படிப் பேசமாட்டேன். ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர் தொலைவில் இருந்த மேல்நிலைப் பள்ளிக்குப் பெண் பிள்ளைகள் கூட்டமாக மிதிவண்டியில் போகத் தொடங்கியபோது, ‘பொம்பளைப் பிள்ளைய அவ்வளவு தூரம் எப்படி அனுப்புறது’ என்ற பேச்சு அடங்கிற்று. 2000களின் நடுவில் எங்கள் பகுதி வகுப்புகளில் மாணவிகள் மாணவர்களைவிட அதிகமாக இருந்தார்கள்.

ஒரே ஆண்டில் இரண்டு பட்டியல்கள்

2018 சனவரியில் மத்திய அரசு வளர்ச்சியில் பின்தங்கியவை என்று நாடு முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட மாவட்டங்களை ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்ற பெயரில் பட்டியலிட்டது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை இரண்டு: இராமநாதபுரம், விருதுநகர். அந்தத் திட்டத்தின் மதிப்பீட்டில் கல்விக்கு 30 சதவீத இடம். அதே ஆண்டு மே மாதம் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்தபோது 97.05 சதவீதத் தேர்ச்சியுடன் மாநிலத்தில் முதலிடம் விருதுநகர் மாவட்டம்.

இது முரண்பாடு அன்று. இரண்டும் வேறுவேறு பொருள்களை அளக்கின்றன. மத்திய அரசின் அளவீடு, தொடக்கப் பள்ளியிலிருந்து நடுநிலைக்கும் அங்கிருந்து உயர்நிலைக்கும் எத்தனை பேர் போகிறார்கள், மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மொழியும் கணக்கும் எவ்வளவு தெரிகிறது, பெண்களின் எழுத்தறிவு எவ்வளவு என்றெல்லாம் கேட்கிறது. 2011 கணக்கெடுப்பில் விருதுநகர் மாவட்டத்தின் எழுத்தறிவு 80 சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்தது; மாநிலச் சராசரியும் ஏறக்குறைய அதுவே. பொதுத்தேர்வில் முதலிடம் பிடித்த மாவட்டம் எழுத்தறிவில் வெறும் சராசரி. பள்ளிக்கே போகாத, பாதியில் நின்ற தலைமுறைகள் அந்த எண்ணில் இருக்கிறார்கள். 1980களில் கட்டை அடுக்கிய சிறுமிகள் 2011இல் நாற்பதை எட்டிய தாய்மார்கள்.

2017 முதல் மாநில அளவில் முதலிடம் பெற்ற மாணவர்களின் பெயரை அறிவிப்பதை அரசு நிறுத்திவிட்டது. நல்ல முடிவு. மாவட்டங்களின் தரவரிசை மட்டும் செய்தித்தாளில் தொடர்கிறது. 2023இல் பன்னிரண்டாம் வகுப்பில் விருதுநகர் 97.85 சதவீதத்துடன் மீண்டும் முதலிடம் பெற்றது. இப்போது திருப்பூர், ஈரோடு, சிவகங்கை, பெரம்பலூர், அரியலூர் ஆகியவையும் அந்த உயரத்தில்தான் உள்ளன. முதல் மாவட்டத்துக்கும் ஐந்தாவது மாவட்டத்துக்கும் இடையில் வேறுபாடு மிகச் சிறியது. எல்லாரும் 97ஐ ஒட்டி நிற்கும்போது அந்த வரிசை கல்வியைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை.

பட்டாசும் பிள்ளைகளும்

தீப்பெட்டியின் இடத்தைப் பட்டாசு பெருமளவு எடுத்துக்கொண்டது. குழந்தைகளைப் பட்டாசு ஆலையில் பார்ப்பது இன்று அரிது. ஆனால் பிள்ளையின் படிப்பு ஆலையோடு கட்டுண்டுதான் இருக்கிறது. கட்டுண்டிருக்கும் விதம்தான் மாறியிருக்கிறது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள், ஆசிரியர் தினத்தன்று, சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் நாற்பதுக்கு நெருக்கமானவர்கள் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் சிறிய விபத்துகள் ஆண்டுதோறும் நடக்கின்றன. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் சில இருக்கைகள் சில நாள் காலியாக இருக்கும். சில பிள்ளைகள் திரும்பி வருவார்கள். மூத்த பிள்ளையாக இருந்தால் பெரும்பாலும் வேலை தேடிப் போவார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு தொடர்பான கட்டுப்பாடுகளை விதித்த பிறகு வேலைநாள்கள் குறைந்தபோதும் பள்ளிக் கட்டணத்திலும் கல்லூரிச் சேர்க்கையிலும் அதன் அடி தெரிந்தது.

2024 நவம்பரில் விருதுநகருக்கு வந்த முதலமைச்சர், பட்டாசு ஆலை விபத்துகளில் பெற்றோரை இழந்த குழந்தைகளின் உயர்கல்விச் செலவை அரசே ஏற்கும் என்றும் அதற்கென 5 கோடி ரூபாய் நிதி ஒதுக்கப்படும் என்றும் அறிவித்தார். அதற்கு முன்பே வேறு சில திட்டங்கள் வந்திருந்தன: கொரோனாக் கால இழப்பை ஈடுகட்ட 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவி உயர்கல்விக்குச் சென்றால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம். இவற்றுள் காலை உணவைப் பற்றி ஒரு சொல். ஆலை வேலைக்குப் போகும் தாய் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுவாள். பிள்ளை முதல் நாள் பழையதைத் தின்றோ தின்னாமலோதான் பள்ளிக்கு வரும். காலை வழிபாட்டில் மயங்கி விழும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய் ஆசிரியர் அறையில் படுக்கவைப்பது எங்கள் வேலைநாளின் ஒரு பகுதியாகவே இருந்தது. இப்போது அப்படி விழுவதில்லை என்று பணியிலுள்ள நண்பர்கள் சொல்கிறார்கள்.

இன்று ஒவ்வொரு மாணவருக்கும் கல்வித் தகவல் மேலாண்மை முறைமையில் ஓர் எண் உண்டு. பள்ளி மாறினாலும் அந்த எண் மாறாது. எந்த வகுப்பில் எந்த மாதத்தில் ஒரு பிள்ளை வராமல் நின்றது என்பதைக் கணினியில் பார்க்கலாம். கோடை விடுமுறையை ஒட்டி ஆசிரியர்களும் வட்டார வள மையப் பயிற்றுநர்களும் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கிறார்கள். வெளிமாநிலத்திலிருந்து ஆலைகளுக்கும் நூற்பாலைகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளையும் இப்போது அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது. இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் அந்தக் குழந்தைகள் பத்தாண்டு கழித்து இந்த மாவட்டத்தில்தான் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுத வேண்டும்.